கோமியரைக் கோமியராக வைத்திருப்பது மொழியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'கோமி மக்களைக் காத்து நிற்பது அவர்களுடைய காடா, மொழியா?' என்ற இன்றைய தலைப்பில் மொழியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அந்தக் காட்டை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். உரால் மலைத்தொடரின் மேற்கே, ரஷ்யாவின் வடகிழக்கு ஐரோப்பிய மூலையில் விரிந்து கிடக்கும் கோமிக் குடியரசு, அங்கிருந்து ஆர்க்டிக் கடல் நோக்கிப் பாயும் பெச்சோரா ஆறு, 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக ஏற்ற 32,800 சதுர கிலோமீட்டர் கன்னிக்காடு ஆகியவற்றையெல்லாம் சொல்லி, 'காடு போனால் கோமி இனமே போய்விடும். மொழி என்பது வெறும் கருவிதான்' என்று முடித்தார். காட்டின் பெருமையில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். அவர் எட்டிய முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் மேரியா என்ற இனத்தைப் பற்றிக் கேளுங்கள். கோமியரைப் போலவே, பின்னிய மொழியும் ஹங்கேரிய மொழியும் அடங்கிய பின்ன-உக்ரியக் குடும்பத்து மொழி பேசிய மக்கள் அவர்கள். ரஸ்தோவ் நகரை அடுத்த நேரோ ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள் என்று பழைய ரஷ்ய வரலாற்றேடுகள் கூறுகின்றன. அவர்களுக்குத் தெற்கே ஒக்கா ஆற்றங்கரையில் முரோமா என்ற இனம் இருந்தது. அதன் பெயரை முரோம் நகரம் இன்றும் தாங்கி நிற்கிறது. நேரோ ஏரி வற்றிவிடவில்லை, ஒக்கா ஆறும் தடம் மாறிப் போய்விடவில்லை. அவர்களை யாரும் ஊரோடு பெயர்த்துக்கொண்டு போனதாகவும் செய்தி இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில்தான் இருந்தார்கள். வீட்டுக்குள் பேசும் மொழி மட்டும் மாறியது. இன்று தம்மை மேரியர் என்று சொல்லிக்கொள்ளும் இனமாக எவரும் அங்கே எஞ்சவில்லை. ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள்தாம் எஞ்சியிருக்கின்றன. நிலம் ஓர் இனத்தைக் காக்கும் என்றால் மேரியரை ஏன் காக்கவில்லை என்று எதிரணியினர் விடை சொல்ல வேண்டும்.

இனி கோமியரின் வரலாற்றுக்கே வருகிறேன். பதினான்காம் நூற்றாண்டில் பெர்மின் ஸ்தேபான் என்ற துறவி கிறிஸ்தவம் பரப்ப அங்கே போனார். வெலிக்கி உஸ்த்யூக் நகரில் பிறந்து, கோமி மொழியைக் காதால் கேட்டு வளர்ந்தவர். கோமியர் வழிபட்டுவந்த புனித பிர்ச் மரத்தைக் கோடரியால் வெட்டிச் சாய்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பழைய சமயத்தின் தலைவரான பாம் என்ற பூசாரியோடு அவர் நாள்கணக்கில் வாதிட்டார் என்றும், நெருப்பிலும் உறைந்த ஆற்றின் நீரிலும் இறங்கி இருவரும் சோதித்துப் பார்ப்போம் என்று அழைத்தபோது பாம் பின்வாங்கினார் என்றும் அதே நூலில் இருக்கிறது. காட்டைத்தான் நம்பியிருந்தார்கள் என்றால், தெய்வமாக நின்ற மரமே விழுந்த அன்று அந்த இனம் சிதறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மரத்தை வெட்டிய அதே ஸ்தேபான் 1372 அளவில் கோமி மொழிக்கென்று ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். முதல் இரண்டு எழுத்துகளான 'அன்', 'பூர்' ஆகியவற்றைச் சேர்த்து அதற்கு அன்பூர் என்று பெயர். அந்த எழுத்தில் வாசகம் பொறித்த பழைய திரித்துவ ஓவியம் ஒன்று வோலக்தா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கோமியர் கிறிஸ்தவர் ஆனார்கள். ஆனால் கடவுளை 'யென்' என்றே அழைத்தார்கள், இன்றும் அப்படியே அழைக்கிறார்கள். அது அவர்களுடைய பழைய படைப்புக் கதைகளில் வரும் வானத் தெய்வத்தின் பெயர். கோடரியால் அந்தச் சொல்லைத் தொட முடியவில்லை, நடுவர் அவர்களே.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, கலைமான் மேய்ப்பதும் வேட்டையாடுவதும்தான் கோமிப் பண்பாடு என்றார். இஜ்மா ஆற்றங்கரைக் கோமியரின் கதை அவருக்குப் பதில் சொல்லும். அவர்கள் கலைமான் வளர்ப்பைக் கற்றுக்கொண்டதே அண்டை இனத்தவரான நெநெத்ஸ் மக்களிடமிருந்து. துந்திரா என்ற ஒரே மரமற்ற உறைபனி நிலம், ஒரே விலங்கு, ஒரே வகைத் தோல் கூடாரம், ஒரே சறுக்கு வண்டி. அப்படியிருந்தும் நெநெத்ஸ் நெநெத்ஸாகவும் கோமி கோமியாகவும்தானே இருக்கிறார்கள்? 1880-களில் இஜ்மாக் குடும்பங்கள் சில, மந்தையை ஓட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே கோலா தீபகற்பத்துக்குப் போய், சாமி இனத்தாரின் நடுவே லோவொசெரோ என்ற ஊரில் குடியமர்ந்தன. பிறந்த காடும் இல்லை, பெச்சோராவும் இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் தம்மைக் கோமியர் என்றே சொல்கிறார்கள், கோமி மொழி அங்கே இன்னும் பேசப்படுகிறது.

'மொழி வெறும் கருவி' என்ற சொல்லை மட்டும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோமியில் 'கெர்கா' என்றால் வீடு. 'கெர்காயின்' என்றால் வீட்டில். 'கெர்காயிஸ்' என்றால் வீட்டிலிருந்து. 'கெர்காலான்' என்றால் வீட்டை நோக்கி. இப்படிப் பதினாறு வேற்றுமைகளும் அதற்கு மேலும் உண்டு என்று இலக்கண நூல்கள் எண்ணுகின்றன. 'முன்' என்பது அங்கே போதலைக் குறிக்கும் வினைப்பகுதி. போகேன் என்பதற்கு 'ஒக் முன்', போகாய் என்பதற்கு 'ஒன் முன்', போகார் என்பதற்கு 'ஒஸ் முன்'. பகுதி அசையாமல் நிற்க, மறுப்புச் சொல்லே தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஏற்ப உருமாறுகிறது. வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஆளுக்கொரு வடிவம் வைத்திருக்கும் மொழி அது! ரஷ்யா முழுவதும் விரும்பி உண்ணும் பெல்மெனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டையின் பெயரைக் கேளுங்கள். 'பெல்' என்றால் காது, 'ந்யான்' என்றால் ரொட்டி. மாவை மடித்து முனைகளை ஒட்டும்போது வரும் காது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். கோமியும் அதன் உடன்பிறப்பான உத்முர்த் மொழியும் சேர்ந்த பெர்மியக் குடும்பத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் போன சொல். எதிரணித் தலைவர் போற்றிய காட்டின் பெரும்பகுதி 'யூகித் வா' என்ற தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. தெளிந்த நீர் என்று பொருள்படும் கோமிச் சொற்கள் அவை.

அந்த நிலம் இருபதாம் நூற்றாண்டில் கோமியருக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1926-இல் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கோமியர். அந்த மண்ணுக்குள் இருந்த வோர்குதா நிலக்கரிக்காகவும் உக்தா எண்ணெய்க்காகவும் கைதிகளின் முகாம்கள் வந்தன, கைதிகளின் கையால் தண்டவாளம் வந்தது, பிறகு சுரங்க நகரங்கள் வந்தன. 1959-இல் பத்தில் மூன்று பேர்தான் கோமியர். 1994-இல் உசின்ஸ்க் அருகே எண்ணெய்க் குழாய் உடைந்து கோல்வா ஆறு கறுத்தது. நிலத்தின் வளமே வெளியாரை அழைத்து வந்தது. அதற்கு மண்ணைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மண் காவல் நின்றது என்றும் சொல்ல முடியவில்லை.

அடக்குமுறை கைவைத்ததும் மொழியைச் சுமந்தவர்கள் மீதுதான். கவிஞரும் நாடக ஆசிரியருமான விக்தர் சாவின் 1937-இல் கைதாகி 1943-இல் முகாமிலேயே இறந்தார். மொழியறிஞர் வசீலி லித்கின் 1933-இல் கைதானார். மீண்டு வந்தவர், ஸ்தேபானின் எழுத்தில் எஞ்சியிருந்த வரிகளை ஆராய்ந்து 1952-இல் கோமியின் பழைய வடிவமான பழம்பெர்மிய மொழி பற்றிய நூலை வெளியிட்டார். முகாமிலிருந்து திரும்பிய ஒரு மனிதர் அறுநூறு ஆண்டுப் பழைய எழுத்துகளின் முன் உட்கார்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எதிரணியின் கடைசிக் கேள்வி கூர்மையானது: 'மொழி காக்கிறது என்றால் எண்ணிக்கை ஏன் சரிகிறது?' 1989-இல் சோவியத் ஒன்றியத்தில் சுமார் 3,44,000 கோமியர் இருந்தனர். 2021 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் 1,43,516 பேர். உண்மைதான். ஆனால் இந்த ஆண்டுகளில் காடு பாதிக்கும் குறைவாகவா சுருங்கியது? 1995-இல் அதற்கு உலகப் பாதுகாப்பே கிடைத்தது. சுருங்கியது மொழி புழங்கும் இடம். 1992-இல் கோமி, ரஷ்ய மொழிக்கு இணையான அரசு மொழியாகச் சட்டத்தில் ஏறியது. 2018-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத் திருத்தமோ, பெற்றோர் விரும்பிக் கேட்டால்தான் பிள்ளை அதைப் பள்ளியில் படிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. வீட்டில் ரஷ்யன், பள்ளியில் ரஷ்யன், வேலையிலும் ரஷ்யன் என்று வளர்ந்த பிள்ளை, கணக்கெடுப்பவர் கேட்கும்போது தன்னை ரஷ்யர் என்று எழுதச் சொல்கிறது. காட்டின் ஓரத்திலேயே, அதே ஆற்றங்கரையிலேயே குடியிருந்துகொண்டுதான் அப்படிச் சொல்கிறது. எதிரணியினர் தம் வாதத்துக்கு வலுவென்று கொண்டுவந்த அந்த எண்களையே எங்கள் அணியின் சான்றாக ஏற்றுத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.