முதல் நாள் இரவே தொடங்கும் சமையல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தாவர உணவுகளை மட்டுமே கொண்டு, அவற்றையும் இயன்றவரை முழு வடிவிலேயே வாங்கி, ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் சமைப்பது எப்படி என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தவிடும் முளைக்கருவும் நீக்கப்படாத தானியங்கள், பயறுகள், காய்கறி, கீரை, பழம், கொட்டை, விதை ஆகியவற்றையே முழு உணவு என்று இங்கே குறிப்பிடுகிறேன். ஆர்வத்தோடு இந்த மாற்றத்தைத் தொடங்கும் குடும்பங்கள் பலவற்றில், இரண்டாவது வாரமே அது நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். மன உறுதி போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாலையில் களைப்போடும் பசியோடும் வீடு திரும்பி அடுப்பின் முன்னால் நிற்பவர், ஊறாத கொண்டைக்கடலையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? கைக்கு எட்டுகிற பாக்கெட்டைத்தான் பிரிப்பார். இந்தச் சமையலின் முதல் வேலை, முதல் நாள் இரவு படுக்கப்போகும் முன், ஒரு பாத்திரத்தில் பயறைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதுதான். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் வீட்டின் வழக்கமாகிவிட்டால், மீதிப் பாதையில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டோம் என்றே சொல்வேன்.

அந்தப் பாத்திரத்துக்குள் இரவு முழுவதும் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சுருங்கிக் கிடந்த கொண்டைக்கடலை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தண்ணீரை உறிஞ்சி, ஏறத்தாழ இரு மடங்கு கனமாகிறது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகள் அந்தத் தண்ணீரில் ஓரளவு கரைந்து வருகின்றன. ஆகவே அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது நல்லது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைடிக் அமிலமும் ஊறும்போது சற்றுக் குறைகிறது. முளைகட்டினால் இன்னும் குறைகிறது. வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் சிறு மணல்போல எதுவும் நெருடாமல், வெண்ணெய்போல் நசுங்கினால் அது வெந்துவிட்டது. நசுங்காமல் இரண்டாகப் பிளந்தால் இன்னும் சிறிது நேரம் ஆக வேண்டும்.

ஒருமுறை வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தபோது, நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி, ஊறிய கடலையோடு தக்காளியையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்தே அடுப்பில் ஏற்றிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் கடலை கல்லாகவே இருந்தது. புளிப்பு, பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் அதையேதான் செய்கிறது. நெடுநாள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பழைய பயறும் எளிதில் வேகாது. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஊறவைக்கும் தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தால் தோல் இளகுகிறது. புளிப்பான எதையும் பயறு நன்கு வெந்த பிறகே சேர்க்க வேண்டும்.

சிவப்பு ராஜ்மாவைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அதில் லெக்டின் என்ற வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் மிகுதியாக உள்ளது. சரியாக வேகாத ராஜ்மா ஒரு சிலவற்றைச் சாப்பிட்டாலே, சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரக்கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம், இயன்றால் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைக்க வேண்டும். கொதிநிலையை எட்டாத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருக்கும் மின்பாத்திரங்களில் இதை நேரடியாகப் போடவே கூடாது. குக்கரில் வேகவைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தானியத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1890களில் ஜாவாத் தீவில் நரம்புகளைத் தாக்கிக் கால்களைத் தளரச்செய்யும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால்கள் தளர்ந்துபோவதையும், தீட்டாத அரிசியைத் தின்றதும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். தவிட்டோடு வெளியே போய்க்கொண்டிருந்தது பி1 வைட்டமின் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முழுத் தானியத்தைத் தேர்ந்தெடுக்க நமக்கு இதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்களின் நாக்கு ஒரே நாளில் மாறிவிடாது. முதலில் கால் பங்கு, சில வாரங்கள் கழித்துப் பாதி, பிறகு முழுவதும் என்று கலந்துகொண்டே போகலாம். நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டி, தண்ணீரையும் அதிகம் குடித்துவந்தால் வயிறும் முரண்டு பிடிக்காமல் பழகிக்கொள்ளும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோல் நீக்காத முழு மசூர் பயறு, வெந்தது 100 கிராமில் மட்டுமே ஏறத்தாழ 8 கிராம் நாரும் 9 கிராம் புரதமும் இருக்கின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில், தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் தாராளமாக உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் உடலில் சேர்ந்தால் போதும்.

சத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், ருசி இல்லாத சாப்பாட்டை ஒரு குடும்பம் நெடுநாள் சாப்பிடாது. இறைச்சி இல்லாத குழம்பில் ஏதோ குறைகிறது என்று சொல்பவர்கள் தேடுவது, பெரும்பாலும் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய அந்தச் சுவையைத்தான். உமாமி என்று அதற்குப் பெயரிட்டவர் அவரே. உலர்ந்த காளானிலும், நன்கு சுண்டிய தக்காளியிலும், புளிக்கவைத்த சோயாவிலும் அது நிறைந்திருக்கிறது. வெங்காயத்தை அவசரப்படாமல் சிறு தீயில் அரைமணி நேரம் வதக்கிப் பாருங்கள். முதலில் அது கண்ணாடிபோல் ஆகும், பிறகு ஓரங்கள் பொன்னிறமாகும், கடைசியில் சட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழுப்பைச் சிறிது தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்துக் குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு சட்டிக் குழம்பின் ஆழம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இரும்புச் சத்தைப் பொறுத்தவரை, தாவரத்தில் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை; ஆனால் வைட்டமின் சி உடன் இருந்தால் அதன் சேர்க்கை நன்றாகக் கூடுகிறது. பயறு வெந்து இறக்கிய பிறகு பிழியும் எலுமிச்சையும், தட்டின் ஓரத்தில் வைக்கும் பச்சைக் குடைமிளகாயும் அந்த வேலையைச் செய்கின்றன. தேநீரும் காப்பியும் நேர் எதிரான வேலையைச் செய்வதால், சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. ஆளிவிதையைப் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும்.

குழந்தைகளைப் பற்றிக் கூடுதலாகவே கவலைப்படுகிறேன். அவர்களின் வயிறு சிறியது. நார் மிகுந்த உணவு அதைச் சீக்கிரம் நிரப்பிவிடுவதால், வளர்ச்சிக்குத் தேவையான ஆற்றல் கிடைக்காமல் போகலாம். ஆகவே அவர்களின் தட்டில் நிலக்கடலை விழுது, எள் விழுது, வெண்ணெய்ப்பழம் போன்ற கொழுப்பு நிறைந்தவை அவசியம் இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொட்டைகளை முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. விழுதாகவோ நைசான பொடியாகவோ கொடுங்கள். புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்குச் சில வேளைகளில் பத்து தடவைக்கு மேலும் அதைத் தட்டில் வைக்க வேண்டியிருக்கும். மிரட்டாமல், கெஞ்சாமல், ஒரே ஒரு துண்டை வைத்துவிட்டு, அதையே நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள். ஊறவைத்த பயறை ஈரத்துணியில் கட்டி, மறுநாள் முளைவிட்டிருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்க்கும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுத்துப் பாருங்கள். தான் வளர்த்த அந்த வெள்ளை முளையை ருசி பார்க்காத குழந்தை அரிது.

முட்டையும் பாலும்கூட இல்லாமல் உண்ணும் குடும்பங்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்லியே ஆக வேண்டும். பி12 வைட்டமின் தாவர உணவுகளிலிருந்து நம்பகமாகக் கிடைப்பதில்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். அது கிடைக்காவிட்டால் இரத்தசோகையும், சில வேளைகளில் முழுமையாகச் சரிசெய்ய முடியாத நரம்புப் பாதிப்பும் வரலாம். உடலின் சேமிப்புச் சில ஆண்டுகளுக்குக்கூடத் தாக்குப்பிடிக்கும் என்பதால், குறைபாடு தெரியவரும்போது காலம் கடந்திருக்கக்கூடும். பி12 செறிவூட்டப்பட்ட உணவையோ மாத்திரையையோ மருத்துவரின் ஆலோசனையோடு முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். கருவுற்றவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இதில் ஒரு நாளும் அலட்சியமாக இருக்க வேண்டாம். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துவதும் இதனோடு சேர்ந்த ஒன்று.

மீண்டும் அந்தப் பாத்திரத்துக்கு வருகிறேன். ஒரு கோப்பை உலர்ந்த கொண்டைக்கடலை வெந்ததும் இரண்டரை முதல் மூன்று கோப்பைவரை காணும். ஒரே நேரத்தில் இரண்டு கோப்பை வேகவையுங்கள். ஒரு பங்கை அன்றைக்கே குழம்பில் சேர்த்து, இன்னொரு பங்கை ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பங்கை உறைபெட்டியில் தட்டையான பைகளில் பரப்பி வைத்தால், தேவைப்படும் மாலையில் பத்து நிமிடத்தில் இளகிவிடும். இன்று இரவு இந்த நிகழ்ச்சி முடிந்ததும் சமையலறைக்குப் போய், கடலையைக் கழுவி, அது மூழ்கும் அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடி வைத்துவிட்டுப் படுங்கள். நன்றி, வணக்கம்.