நான்கு சாக்ஸபோன்கள் சேர்ந்தால்

அனைவருக்கும் வணக்கம்.

சாக்ஸபோன் என்றதும் ஒருவர் தனியாக நின்று வாசிப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸபோனில் கமகங்களைக் கொண்டுவந்ததைக் கேட்டவர்களுக்கு அது இயல்புதான். நான் பேச வந்தது நால்வர் குழுவைப் பற்றி. கச்சேரி, ஒலிப்பதிவு, பாடம் என்று மூன்றுக்கும் வரும் குழு. இந்த மூன்றில் ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் சோபிக்காது என்பது என் கட்சி.

அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றபோதே சிறிதும் பெரிதுமாக ஒரு வாத்தியக் குடும்பத்தையே திட்டமிட்டிருந்தார். அதில் உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் நான்கும் சேர்ந்ததுதான் இந்தக் குழு. அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான சிங்கெலே 1857இல் நால்வருக்கென்றே எழுதிய இசை இன்றும் வாசிக்கப்படுகிறது. 1932இல் ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவ், பிரெஞ்சு சாக்ஸபோன் கலைஞர் மார்செல் ம்யூலின் குழுவுக்காக ஒரு குவார்டெட், அதாவது நால்வருக்கான இசை, எழுதினார். 1970களில் வேர்ல்ட் சாக்ஸபோன் குவார்டெட் என்ற குழு, டிரம்ஸும் பேஸும் இல்லாமலே ஜாஸ் வாசித்துக் காட்டியது.

இத்தனை வகை இசை இவர்களுக்கு எப்படி வசப்படுகிறது? நான்கிலும் விரலமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒற்றை நாணல் ரீடில்தான் நாதம் பிறக்கிறது. அதனால் குரல்கள் கரைந்து ஒன்றாகிவிடும், வேண்டும்போது தனித்தும் நிற்கும். கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை நான்கு ஸ்தாயிக்கும் மேல் கிடைக்கிறது. ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம் ஃபியூக்; பாஹின் ஃபியூகில் நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பின்தொடரலாம். அடுத்த உருப்படியிலேயே பாரிடோன் வாசிப்பவர் நாக்கை ரீடில் ஒட்டிச் சட்டென்று இழுக்க, அது தாளவாத்தியமாக மாறும்! கச்சேரிக்குப் போனால் முதலில் பாரிடோன் வாசிப்பவரைக் கவனியுங்கள். சோப்ரானோ எவ்வளவு உயரப் பறந்தாலும் தரை அவர் கையில் இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் கைதட்டல் போதாது என்பது என் நெடுநாள் வருத்தம்.

சரி, ஒலிப்பதிவுக்கு வருவோம். சாக்ஸபோனின் ஒலி அதன் விரிந்த முனையான மணிவாயிலிருந்து மட்டும் வருவதில்லை. உடல் நெடுகத் திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. மைக்கை மணிவாய்க்குள் நீட்டினால் தாழ்ந்த சுரங்கள் மட்டும் பொங்கும், மற்றவை மெலியும். நால்வரையும் அரைவட்டமாக உட்காரவைத்து, சற்றுத் தள்ளி முன்னால் ஒரு ஸ்டீரியோ மைக் ஜோடி வைப்பது நல்லது. ஆளுக்கொரு அறையில் அடைத்துப் பதிவுசெய்தால் சேர்ந்து மூச்செடுப்பது போய்விடும். இவர்களுக்கு முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்துபவர் கிடையாது, அந்த மூச்சுதான் சைகை. அப்புறம், பதிவைத் திரும்பக் கேட்கும்போது எந்தச் சுருதிப் பிசகும் ஒளிய முடியாது. கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. மேஜர் கார்டில் மூன்றாம் சுரம் (ச-க-ப என்றால் காந்தாரம்) பியானோவில் இருப்பதைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தால்தான் கார்டு சுத்தமாக ஒலிக்கும். அந்தச் சுரம் யாரிடம் இருக்கிறதோ அவர் இறக்க வேண்டும். அடுத்த கார்டில் அது வேறொருவரிடம் போய்விடும்!

இப்படித் தீட்டப்பட்ட காதுகளைத்தான் நான் வகுப்பறையில் பார்க்க ஆசைப்படுகிறேன். தனியாகப் பயிலும் மாணவர் சுருதி காட்டும் டியூனர் கருவியின் முள்ளைப் பார்த்தே சுருதி சேர்ப்பார். குழுவின் நடுவே அவரை உட்காரவைத்து ஒரே சுரத்தை நீட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரின் சுரத்தோடு உரசி எழும் அலையடிப்பு, உதட்டைச் சற்று மாற்றியதும் அடங்குவதை அவரே கேட்பார். விளக்கமே வேண்டாம். ஆல்டோ மட்டும் தெரிந்தவர் கையில் அன்றைக்கே டெனரையும் கொடுத்துப் பார்க்கலாம், விரல்களுக்கு வழி தெரியும்.

பாடம் எடுப்பதால் குழுவுக்கும் லாபம் உண்டு. பழக்கத்தில் செய்வதை ஒரு மாணவருக்குச் சொல்லிப் புரியவைக்கும்போது, நால்வரும் அதை நால்வகையாகச் செய்துவந்தது வெளியே தெரியும். உடனே ஒத்திகையில் அதைப் பேசித் தீர்ப்பார்கள்.

எனவே இத்தகைய குழுவை அழைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விருந்துக்குப் பின்னணியாக மட்டும் வாசிக்கச் சொல்லாதீர்கள். காலையில் மாணவர்களோடு வகுப்பு, மாலையில் கச்சேரி என்று முழு நாளாகக் கேளுங்கள். எதிரொலி அளவாக இருக்கும் கூடமாகப் பார்த்துக் கொடுங்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். காலையில் வகுப்புக்கு வந்த மாணவர்களுக்கு மாலையில் முன்வரிசையை ஒதுக்கிவையுங்கள்.