பத்துறேல்லை, சப்புறதுதான்

நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. வானொலியில் அது ஒரு வசதி. ஆகவே கூச்சப்படாமல் ஒரு காரியம் செய்யுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டி வையுங்கள். வாயை நன்றாகத் திறந்து, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் மூன்று விரலும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள். அடுப்படியில் மிளகாய் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் கையைக் கழுவுங்கள்.

மூன்றும் போனால் சரி. இரண்டுதான் போகிறது என்றால், இந்த வாரமே ஒரு பல் வைத்தியரைப் பாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புகைத்தலும் ஏழ்மையும் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்ற பல் வைத்தியன். என் உத்தியோக காலத்தில் பெரும்பாலும் புகையைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தேன். அதனால் என் கதை வாயில் இருந்துதான் தொடங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆச்சி பல்லு வலி என்று வந்தார். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கத்தில் தோட்டக் கூலி. படிவத்தில் ஒரு கேள்வி: புகைப்பழக்கம் உண்டா? கேட்டேன். "சீச்சீ, பொம்பிளையள் பத்துறதே?" என்று ஆச்சி சிரித்தார். நானும் "இல்லை" என்று எழுதினேன். வாய் சரியாகத் திறக்கவில்லை. வலியில் திறக்கிறார் இல்லை என்று நினைத்துவிட்டேன். பிறகு தேத்தண்ணி குடிக்க வெளியே வந்தால், ஆச்சி விறாந்தை வாங்கில் இருந்து சேலை மடியை அவிழ்க்கிறார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, விரல் நீளத்துக்கு ஒரு துண்டுப் புகையிலை. அழகாக மடித்து இடது கன்னத்துக்குள் அடக்கினார். "என்னணை ஆச்சி, பழக்கம் இல்லையெண்டு சொன்னனீங்கள்?" என்றேன். "நான் பத்துறேல்லை ஐயா, சப்புறதுதான்."

ஆச்சி பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் பிழை. திரும்பக் கூட்டிப் போய் இடது கன்னத்தை விரித்துப் பார்த்தேன். உள்ளே தோல் வெளிறி, வார்போல இறுகிக் கிடந்தது. பாக்குச் சப்பச் சப்பக் கன்னத்தின் உட்தசை இப்படி இறுகிக்கொண்டே போகும், வாய் வரவரச் சின்னதாகும். மூன்று விரல் கணக்கு இதற்குத்தான். பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும். புகையிலையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்.

2015இல் நாடளாவிய ஆய்வொன்று நடந்தது, 18 முதல் 69 வயது வரையானவர்களிடம். புகைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 29 பேர். புகைக்கும் பெண்கள் ஆயிரத்துக்கு ஒருவர். இதை மட்டும் கேட்டால் பெண்கள் தப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வாயில் போடுகிறவர்களின் கணக்கைக் கேளுங்கள்: ஆண்கள் நூற்றுக்கு 26, பெண்கள் நூற்றுக்கு 5. என் ஆச்சியைப் போன்றவர்கள்தான் அந்த ஐந்து பேர்.

எப்போது பழகினது என்று கேட்டேன். சின்னப் பெட்டையாகத் தோட்டத்துக்குப் போன காலத்திலேயாம். பத்து மணித் தேத்தண்ணியோடு தோட்டக்காரர் ஒரு வாய் வெற்றிலையும் கொடுப்பார். போட்டால் மத்தியானம் வரை பசி தெரியாது. தோட்டக்காரர் யார், கூலிக்கு நிற்கிறவர் யார், எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நான் எங்கள் பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் என்னை, "நீ எங்கே தொடங்கினாலும் சுருட்டுக் கொட்டிலில்தான் வந்து முடிப்பாய்" என்பார்கள். பரவாயில்லை. பெரியப்பா சுருட்டுச் சுற்றுகிறவர். ஓலைக் கொட்டில், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர், மடியில் பலகை. கோடா என்ற பதப்படுத்தும் சாறு போட்ட புகையிலையின் வாசம் றோட்டுக்கு வரும். இனிப்பும் காரமும் கலந்த வாசம், இப்போதும் மூக்கில் நிற்கிறது. எத்தனை சுற்றினாரோ அத்தனைக்குத்தான் கூலி, ஆகவே ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். பள்ளிக்கூட விடுமுறையில் அந்த வேலை எனக்கு. தலையங்கம் முதல் மரண அறிவித்தல் வரை வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு வரியை விட்டால் பெரியப்பா கண்டுபிடித்துவிடுவார். "அதுக்குள்ள செத்துப்போட்டானோ, இவ்வளவு கெதியா?" என்பார். இன்று நான் மைக்குக்கு முன்னால் பயமில்லாமல் கதைக்கிறேன் என்றால், அந்தக் கொட்டிலில் பழகினது.

கொட்டிலில் எல்லாரும் சுருட்டுப் பத்துவார்கள். பத்தாத ஒரே ஆள் முதலாளி. விடியக் குளித்துத் திருநீறு பூசி வருவார், வெற்றிலைகூடப் போட மாட்டார். அவருடைய மகன் கொழும்பில் படித்து வைத்தியராக வந்தார். பிழை சொல்லவில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை தோணியில் திருவிதாங்கூருக்குப் போனது. பிறகு எங்கள் ஆட்கள் தென்னிலங்கைச் சந்திகளில் சுருட்டுக் கடை போட்டார்கள். எங்கள் கோயில் கோபுரங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அந்தக் காசு இருக்கிறது. என் படிப்பிலும் இருக்கிறது. பெரியப்பா மட்டும் ஐம்பத்தெட்டாம் வயதில் இருமி இருமிச் செத்தார்.

புகையிலைத் தோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. பனி காயாத இலையை ஒடித்துத் தோளில் சுமந்தால், நிக்கொட்டின் ஈரத்தோடு தோலுக்குள் இறங்கும். தலைசுற்று, சத்தி, நெஞ்சு படபடப்பு. வெயில் பட்டது என்று தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பார்கள். ஒரு சிகரெட்டும் பத்தாதவருக்கு வருகிற புகையிலை வருத்தம் அது.

சரி, சட்டத்துக்கு வருவோம். எங்கள் சட்டம் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தை நிறுத்தியது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுத்தது. 2015இல் சிகரெட் பெட்டியில் நூற்றுக்கு 80 பங்குக்கு நோய்ப் படம் வந்தது. இப்போது சந்திக் கடைக்குப் போய்ப் பாருங்கள். மேசன் வேலைக்குப் போகிற பெடியன் பெட்டியா வாங்குகிறான்? ஒன்று, இரண்டு. கடைக்காரர் உருவிக் கொடுப்பார், அவன் லைற்றரில் பற்றவைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவான். அழுகின நுரையீரலின் படம் கடைக்காரருடைய லாச்சிக்குள் கிடக்கும். அந்தப் படத்தை முழுதாகப் பார்ப்பவர் பெட்டி வாங்க வசதியுள்ளவர். திரும்பவும் சொல்கிறேன், பெட்டி வாங்க வசதியுள்ளவர். பீடியையும் அப்படித்தான் ஒன்று, இரண்டாக வாங்குவார்கள். 2016இல் பொட்டலத்தில் வந்த வாய்ப் புகையிலைக் கலவைகளைத் தடை செய்தார்கள், நல்லது. வெற்றிலைத் தட்டில் நறுக்கி வைத்திருக்கும் புகையிலைத் துண்டு அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிரபுவும் பத்தினார், சுரங்கத் தொழிலாளியும் பத்தினார். 1950இல் டோல், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடுத்துக் காட்டினார்கள். பிறகு முதலில் விட்டவர்கள் வைத்தியர்கள், படித்தவர்கள். கைத்தொழிலாளிகளிடம் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. இங்கேயும் என் சின்ன வயதில் வாத்திமார் இடைவேளையில் பிறிஸ்டல், திறி றோசஸ் சிகரெட்டுகள் பத்தினார்கள். இப்போது எந்த வாத்தியார் பத்துகிறார்? எங்கள் வகுப்பு விட்டுவிட்டது, அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம்.

வைத்தியம் இலவசம்தானே என்பார்கள். இலவசம்தான். கிளினிக் நாளில் அன்றைய கூலி போகும். ஆகவே புண் ஆறும் என்று பார்த்திருப்பார்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், கன்னத்துக்குள் வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இருந்தால்…

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். என் மூன்று விரல் கதைக்குப் பதிலா, இரண்டு நிமிடமா? நிமிடம்தானாம். வரியைப் பற்றித் தாளில் ஒரு பக்கம் எழுதி வந்தேன். சுருக்கமாக: விலை ஏறினால் முதலில் குறைப்பவர் வறியவர், ஆகவே வரி நல்லது. சிகரெட்டுக்கு மட்டும் ஏற்றினால் அதே மனிதர் பீடிக்கு மாறுவார். பீடி இலையோ கடலால் களவாக வருகிறது, கடற்படை பிடிக்கும் செய்தி அடிக்கடி கேட்கிறோம். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துத் தொட வேண்டும். புகையிலைச் செய்கையை நிறுத்துவது என்றால், தோட்டக்காரருக்கு மாற்றுப் பயிர் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். இலை ஒடிக்கிற ஆச்சிக்கு மாற்றுக் கூலி என்ன என்று ஒருவரும்… சரி, சரி, முடிக்கிறேன்.

ஆச்சி பிறகு வந்தாரா என்று கேட்பீர்கள். இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறைக்கு விலாசம் தேடிப் போனேன், இடம்பெயர்வில் அந்த வளவு வெறுமையாய்க் கிடந்தது. புகைப்பழக்கம் "இல்லை" என்று நான் எழுதின படிவத்தைத் திருத்தினேனா என்பது இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. விரலை வைத்துப் பார்க்க மறக்காதீர்கள், நேயர்களே. வணக்கம்.