தோல் வழியே மருந்து: பார்க்கின்சன் பேட்சும் நம் ஊர் வெப்பமும்

தாய்மார்களே, பெரியோர்களே, பார்க்கின்சன் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரித்துவருகிற அன்பர்களே,

லெவோடோபா மாத்திரைதான் இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து. ஆனால் அது குடலைச் சென்றடைந்த பிறகே இரத்தத்தில் கலக்க முடியும். இந்த நோயோ இரைப்பையையே மந்தமாக்கிவிடுகிறது. மதியம் மீன் குழம்புச் சோற்றோடு விழுங்கிய மாத்திரை, மீனிலுள்ள புரதத்தோடு போட்டியிட்டுப் பின்தங்கிவிட, மாலையில் நோயாளியின் கால்கள் எடுத்துவைக்க முடியாமல் உறைந்துபோவதைப் பல வீடுகளில் காண்கிறோம். வயிற்றைத் தவிர்த்து, இரவும் பகலும் சீராக மருந்து இறங்கவேண்டும் என்ற தேவையிலிருந்தே, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையான பேட்ச் உருவாயிற்று.

லெவோடோபாவையே பேட்சாக்க முடியாதா என்று கேட்கலாம். தோலின் மேலடுக்கு, கொழுப்பில் ஓரளவு கரையக்கூடிய சிறிய மூலக்கூறுகளை மட்டுமே, அதுவும் நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே, உள்ளே விடும். லெவோடோபா கொழுப்பில் கரைவதில்லை. நூற்றுக்கணக்கான மில்லிகிராமும் தேவைப்படுகிறது. ஆகவே, உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை மூளையில் செய்யும் ரோட்டிகோட்டின் என்ற மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த பேட்ச், அடுத்த ஆண்டே அங்கு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்து பட்டையிலேயே பனித்துகள்போலப் படிகமாகிவிட்டதே காரணம். படிகமான மருந்து தோலுக்குள் சரிவர இறங்காது. கலவையை மாற்றி, 2012இல்தான் மீண்டும் அங்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆய்வகத்தில் தீர்ந்த சிக்கல் நம் வீட்டில் வேறு வடிவில் தொடங்குகிறது. இரு பருவமழையும் பெய்து ஈரம் அடங்காத கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் வியர்க்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கோ வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் இயல்பாகவே கூடுதலாக இருக்கக்கூடும். போதாக்குறைக்கு உடம்பெங்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமும் நமக்குண்டு. எண்ணெய் இருக்கும் தோலில் பேட்ச் நிற்காது. குளித்து, நன்றாகத் துவட்டி, ஈரம் முழுவதும் உலர்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஒட்டிய இடத்திலேயே 14 நாளைக்குள் மறுபடி ஒட்டக்கூடாது. ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும். இன்று வலது தோள், நாளை இடது தொடை என்று சுவர்க் காலண்டரிலேயே குறித்துவருவது நல்லது. நடுங்கும் விரல்களால் அந்த மெல்லிய தாளை உரிப்பது எளிதன்று. எனவே ஒட்டிவிடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்கவேண்டும்.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். முதுகுவலிக்குக் கிழி ஒத்தடம் கொடுப்பது நம் பகுதியில் சாதாரணம். பேட்ச் இருக்கும் இடத்தில் சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும்; வெந்நீர்ப் பையும் நேரடி வெயிலும் அப்படியே. பட்டையின் பின்புறத்தில் அலுமினியம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கும்முன் அதைக் கழற்றிவிட வேண்டும். அரிக்கிறது என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது.

24 மணி நேரம் கழித்துக் கழற்றிய பேட்சிலும் பாதிக்கு மேல் மருந்து எஞ்சியிருக்கும். ஆகவே பசைப்பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள்.