உலகச் செய்தி படிக்க வந்தவர்களுக்குச் சிங்களம் எதற்கு?

(ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கல்லூரி ஒன்றில், பன்னாட்டு நடப்பு இதழியல் பாடத்தைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இந்தப் பாடத்துக்கு ஒப்புதல் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடந்த துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, ஒவ்வொரு முறையும் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பேசிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களே, கட்டடத்துக்கு நன்கொடை தந்து, பெயர்ப்பலகை வேண்டவே வேண்டாம் என்று மறுத்து, பிறகு அன்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிய புரவலர் ஐயா அவர்களே, முன்வரிசையில் உட்கார மறுத்துத் தூணோரம் நிற்கும் மீனவர் சங்கத்துப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இன்னொரு விழாவுக்காக இப்போதுதான் எழுந்துபோன வட்டாட்சியர் அவர்களுக்கும் வணக்கம். நாற்காலி அவருடையதாகவே இருக்கட்டும். யாரும் உட்கார வேண்டாம்.

பொன்னாடை போர்த்தினீர்கள். என் வீட்டில் ஏற்கெனவே முப்பத்தாறு இருக்கின்றன. அடுத்த முறை புத்தகம் கொடுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று எண், இரண்டு பெயர், மூன்று மொழி. வெளிநாட்டுச் செய்தியை எழுதுகிறவன் சறுக்கி விழுகிற இடங்கள் இந்த மூன்றும்தான். விழுந்தவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வீட்டில் நெல் அளக்கும்போது ஒரு பழமொழியைச் சொல்லாமல் மரக்காலைத் தொடமாட்டார். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.' வீணாகப் போகிற பொருளாக இருந்தாலும் எவ்வளவு போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதழியலுக்கு இதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை.

1991-ஆம் ஆண்டு. நான் ஒரு நாளிதழில் இரவுப் பணி உதவி ஆசிரியர். பத்திரிகையின் பெயர் வேண்டாம், பாவம். மணி பன்னிரண்டரை. பக்கம் முடிக்கிற நேரம். டெலிபிரிண்டர் கடகடவென்று ஒரு செய்தியைத் துப்புகிறது. இந்தியாவுக்குப் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன், இரண்டு பில்லியன் டாலரும் சில்லறையும். அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து தலைமாட்டில் நிற்கிறார். பில்லியன் என்றால் எவ்வளவு? எனக்கு நிச்சயமில்லை. மேசையில் ஒரு பழைய ஆங்கில அகராதி, அதற்குச் சங்கிலியே போட்டிருப்பார்கள், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாமலிருக்க. புரட்டினேன். 'மில்லியன் மில்லியன்' என்று போட்டிருந்தது. பத்து லட்சம் தடவை பத்து லட்சம், அதாவது ஒரு லட்சம் கோடி. எட்டு பத்தித் தலைப்பு போட்டேன்: இந்தியாவுக்கு இரண்டு லட்சம் கோடி டாலர் கடன்!

நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மதியம் அலுவலகத்துக்கு வந்தால், வாசலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, கையில் எங்கள் பத்திரிகை. யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையோடு. அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டு லட்சம் கோடி டாலர் கடன் கிடைக்கிற நாடு, போன ஜூலையிலே வெறும் நாற்பது கோடி டாலருக்காக நாற்பத்தேழு டன் தங்கத்தை ஏன் பிளேன்ல ஏத்தி அடகு வைச்சுச்சு?"

நான் என்ன சொல்ல? தங்கம் அடகுபோன செய்தியையும் அதே மேசையில் உட்கார்ந்து நான்தான் எழுதியிருந்தேன்! இரண்டு எண்களும் என் கையால் போனவை. ஒன்றை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, குடையோடு வந்தவருக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அமெரிக்காவின் ஓராண்டு மொத்த உற்பத்தியே ஆறு லட்சம் கோடி டாலர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ராத்திரியில் இந்தியாவுக்கு வாங்கிக் கொடுத்த தமிழன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அகராதி பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பிரிட்டனில் பழைய கணக்கில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன்தான். 1974-இல் ஹரால்ட் வில்சன் பிரதமராக இருந்தபோது, இனி அரசாங்கத்தின் கணக்கில் அது ஆயிரம் மில்லியன்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஆயிரம் மில்லியன் என்றால் நூறு கோடி. எங்கள் அகராதிக்கு அந்தச் சேதி பதினேழு வருடமாக வந்துசேரவில்லை. பெரியவர் போகும்போது நான் அப்பத்தாவைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

அடுத்து, பெயர். போலந்துத் தலைவர் வவென்சாவை நாங்கள் வருடக்கணக்கில் வலேசா என்றே எழுதினோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் அப்படித்தான் ஆகும். விரிவாகக் கேள்வி நேரத்தில் பேசுவோம், ஏனென்றால் மொழிக்கு வந்தாக வேண்டும்.

உங்கள் பாடத்திட்டத்தைப் படித்தேன். ஐ.நா. அமைப்பு இருக்கிறது, பனிப்போர் இருக்கிறது, 1851-இல் லண்டனில் தொடங்கிய ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் வரலாறு இருக்கிறது. 1980-இல் யுனெஸ்கோவுக்கு அறிக்கை கொடுத்த மெக்பிரைட் ஆணையமும் இருக்கிறது. செய்தி பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு ஒருவழியாகவே ஓடுகிறது என்று கவலைப்பட்ட ஆணையம் அது. நல்லது, குழுத் தலைவர் ஐயாவுக்கு என் வணக்கம். ஆனால் அந்த ஒருவழிப் பாதையைப் பார்க்க நீங்கள் யுனெஸ்கோ இருக்கிற பாரிஸுக்குப் போக வேண்டாம். தனுஷ்கோடிக்குப் போங்கள்.

இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நம் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. அந்தச் சேதி கொழும்புக்குப் போய், ஆங்கிலமாகி, டெல்லிக்கு வந்து, ஏஜென்சி வழியாகச் சென்னைக்கு வந்து, தமிழாகி, கடைசியில் தங்கச்சிமடத்துக்குத் திரும்புகிறது. அதற்குள் பிடிபட்டவரின் மனைவிக்கு அலைபேசியில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. தூணோரம் நிற்கும் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள், பாருங்கள்.

பிடிபட்டவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற, யாழ்ப்பாணத்து ஊர்க்காவற்றுறை நீதிமன்றத்தில் நடப்பது தமிழில் நடக்கிறது, அது பிரச்சினை இல்லை. கொழும்பில் அமைச்சர் சிங்களத்தில் என்ன பேசினார், நீர்கொழும்பு மீனவர் என்ன கேட்கிறார், சிங்கள நாளிதழ் 'லங்காதீப' என்ன எழுதியது? இவற்றை நேராகப் படித்துச் சொல்ல நம் பத்திரிகைகளில் எத்தனை பேர்?

2022-இல் கொழும்பு காலிமுகத் திடலில், அதிபர் கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று இளைஞர்கள் கூடாரம் போட்டார்களே, அதற்கு 'கோட்டாகோகம' என்று பெயர். நாமும் எழுதினோம், மந்திரம் ஓதுவதுபோல. சிங்களத்தில் 'கம' என்றால் கிராமம். கதிர்காமத்தை அவர்கள் 'கதரகம' என்பதும் அதே 'கம'தான். 'கோட்டா, கோ', அதாவது 'கோட்டாவே போ' என்ற முழக்கத்தையே ஊர்ப்பெயராக்கி, அதிபர் செயலகத்தின் வாசலிலேயே குடியேறியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய நையாண்டி! ஜூலையில் கோட்டாபய மாலைத்தீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய்ப் பதவி விலகும்வரை, அந்தப் பெயரை ஒரு வரி விளக்கி எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சில முகங்கள் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. சிங்களமா, நாமா என்று. 2009 மே மாதத்தை மறந்துவிட்டுப் பேசுகிறவன் இல்லை நான். முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், தெற்கே சிங்களப் பத்திரிகைகள் தங்கள் மக்களுக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்று படிக்கத் தெரிந்த ஒருவர்கூட எங்கள் அலுவலகத்தில் இல்லை. எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே அளந்தோம், அடுத்தவன் மரக்காலில். என் கோபம் அதிலிருந்து வருகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், அளக்கிற மரக்கால் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

பயப்படவும் வேண்டாம். சிங்களமும் நம் மொழிபோல வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி. அக்கா அங்கேயும் அக்காதான். கடை 'கடே', காசு 'சல்லி'. எழுத்து மட்டும் ஜிலேபி மாதிரி சுற்றும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இரண்டு பருவத்துக்கு ஒரு தாள், விருப்பப் பாடமாக, சிங்களம். அடுத்து மலாய், அதற்கடுத்து அரபி. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற நாடுகளின் மொழிகள். இதைத்தான் எட்டு வருடமாக மேடை மேடையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மதியம் சாப்பிடும்போது, நாற்பது மாணவர்கள் எழுதிக் கொடுத்தால் குழுவில் வைக்கிறேன் என்று தலைவர் ஐயா சொன்னார். அப்போது முதல்வர் ரசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், ஆகவே சாட்சி இருக்கிறது.

இதோ ஒரு நோட்டு. தூணோரம் நிற்கும் பெரியவர் கையில் கொடுக்கிறேன், அங்கிருந்து பின்வரிசை வழியாகச் சுற்றி வரட்டும். பெயர், வகுப்பு, ஊர். பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு மேடைக்கு வரும்வரை தலைவர் ஐயா புறப்படமாட்டார், கார் சாவி என்னிடம் இருக்கிறது.