நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்

அன்பு நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பிடித்த ஆல்பங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் போட்டால் ஐம்பது வரும். ஐம்பதையும் தொட்டுக்கொண்டு ஓடினால் எதையுமே சொன்னதாகாது. அதனால் ராக், ராப், நாட்டுப்புறப் பாட்டின் சாயல் கொண்ட ஃபோக் மூன்றிலும் ஒவ்வொன்றை மட்டும் எடுத்துவந்திருக்கிறேன்.

ஆல்பம் என்ற வடிவமே நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. நாம் தனித்தனிப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். என் பள்ளி நாட்களில் ஒரு தாளில் பன்னிரண்டு பாட்டை எழுதிக்கொண்டு போய்க் கடையில் கொடுப்போம். இரண்டு நாள் கழித்துக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். இந்தப் படத்தில் ஒன்று, அந்தப் படத்தில் இரண்டு என்று வரிசை முழுக்க நம் விருப்பம்தான். ஒரு பாடகர் பத்துப் பாட்டை எழுதி, எது முதலில் வர வேண்டும், இசைத்தட்டின் முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிய வேண்டும் என்றெல்லாம் யோசித்து அடுக்கியிருப்பார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'.

1980-ல் 'தி ரிவர்' என்ற இரட்டை ஆல்பத்தால் ஸ்ப்ரிங்ஸ்டீன் பெரிய நட்சத்திரமாகியிருந்தார். அடுத்த ஆல்பத்துக்கான பாட்டுகளை, நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் இருந்த வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து பதிந்தார். 1982 ஜனவரி மாதம். நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் டியாக் கேசட் ரெக்கார்டர் ஒன்று, மைக் இரண்டு, கிடார், மவுத் ஆர்கன், இன்னும் சில சின்ன வாத்தியங்கள். அவ்வளவுதான். இசைக்குழுவுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரி வேண்டும், அதற்காகப் பதிந்தது. அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார். பிறகு ஸ்டூடியோவுக்குப் போய் முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் சேரச் சேர, பாட்டுகளில் வரும் மனிதர்கள் காணாமல் போனார்கள். கடைசியில் பையில் கிடந்த அந்தக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டார்கள். இரைச்சல், நாற்காலி அசையும் சத்தம், எல்லாவற்றோடும்தான்.

அதில் ஐந்தாவது பாட்டு 'ஹைவே பேட்ரோல்மேன்'. ஒரு போலீஸ்காரர் தன் தம்பியைப் பற்றிச் சொல்கிறார். தம்பி சின்ன வயதிலிருந்தே தறுதலை. ஒரு ராத்திரி மதுக்கடையில் யாரையோ அடித்துவிட்டுக் காரில் தப்பி ஓடுகிறான். அண்ணன் விளக்கைப் போட்டுக்கொண்டு துரத்துகிறார். கனடா எல்லை நெருங்குகிறது. சாலையோரம் காரை நிறுத்தி, தம்பியின் காரின் பின்விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். குரல் உயரவே இல்லை, கிடாரும் உயரவில்லை. நான் கேட்ட ராக் பாட்டுகளில் இதைவிடக் கனமான ஒன்று கிடையாது.

இதற்கு அடுத்த பாட்டு 'ஸ்டேட் ட்ரூப்பர்'. நள்ளிரவு, மழை, லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டிப் போகும் ஒருவன். போலீஸ்காரரே, தயவுசெய்து என்னை நிறுத்தாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே போகிறான். இப்போதுதானே ஒரு போலீஸ்காரர் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்? அந்தச் சாலையின் மறுமுனைக்கு நம்மைக் கொண்டுபோய்விடுகிறார் ஸ்ப்ரிங்ஸ்டீன். அதோடு முதல் பக்கம் முடிகிறது. தட்டைத் திருப்பிப் போட எழுந்திருக்கக்கூட மனம் வராது. இந்த இரண்டு பாட்டையும் பிரித்து வேறெங்காவது சேர்த்தால் இந்த அடி விழாது. பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தானை நான் தொடாததற்கு இதுதான் காரணம்.

கடைசிப் பாட்டில் ஒருவன் சாலையோரம் செத்துக் கிடக்கும் நாயைக் குச்சியால் குத்திப் பார்க்கிறான், எழுந்துவிடும் என்பதுபோல. மனிதர்கள் எப்படியும் நம்பிக்கைக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று பாட்டு முடிகிறது. பலர் இதை ஆறுதலாகக் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் குரலில் கேட்பது திகைப்பு மட்டும்தான்.

அப்புறம் ஒன்று. 1984-ல் உலகையே கலக்கிய 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பாட்டின் முதல் வடிவமும் அதே வீட்டில் பதிந்ததுதான். அந்த முதல் வடிவம் 1998-ல்தான் வெளிவந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒருவனின் கதி அந்தப் பாட்டு. 1984 வடிவத்தின் முரசொலியில் பலருக்கு அது தேசபக்திப் பாட்டாகவே கேட்டது. தனிக் கிடாரில் கேட்டிருந்தால் யாரும் அப்படித் தவறாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

நீளத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பீட்டில்ஸின் 'ஒயிட் ஆல்பம்' 1968-ல் 30 பாட்டோடு வந்தது. அந்த இரட்டை ஆல்பத்தை ஒரே தட்டாகச் சுருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொல்லிப்பார்த்தார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ராப் பாடகர் டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ' 27 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதில் உள்ள நல்ல பாட்டுகள் மிக நல்ல பாட்டுகள்தான், ஆனால் முழுதாக ஒரே மூச்சில் என்னால் கேட்க முடிந்ததில்லை.

ராப் பாடகர் நாஸ் 1994-ல் வெளியிட்ட 'இல்மாட்டிக்' நாற்பது நிமிடம்கூட இல்லை. ஒரு முன்னுரை, ஒன்பது பாட்டு. அப்போது அவருக்கு 20 வயது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு அது. 3,000-க்கு மேற்பட்ட வீடுகள். ஆல்பம் தொடங்குவதே ரயில் போகும் சத்தத்தோடுதான். அதன்பின் நாற்பது நிமிடமும் அந்தக் கட்டடங்களை விட்டு நாம் வெளியே வருவதில்லை.

ராப் வெறும் பேச்சு, இசை எங்கே என்று கேட்பவர்கள் இங்கேயும் இருக்கலாம். அவர்களுக்கு 'த வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டைப் போட்டுக் காட்டுவேன். ஜாஸ் கலைஞர் அஹ்மத் ஜமால் வாசித்த பியானோவிலிருந்து ஒரு சின்னத் துண்டை, இந்தப் பாட்டின் தயாரிப்பாளர் பீட் ராக் வெட்டி எடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். அந்தத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் நாஸின் சொல்லுக்கு ஏற்ப வேறு நிறம் காட்டும். இன்னொரு பாட்டின் முடிவில் நாஸின் அப்பா ஓலு டாரா ட்ரம்பெட் போன்ற கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிக்கிறார். வாழ்க்கை கசக்கிறது என்ற பல்லவி முடியும் இடத்தில் அப்பாவின் ஊதல் மெதுவாக உள்ளே வருகிறது. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது, இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்று நாஸ் முனகுகிறார். அந்தப் பாட்டின் தயாரிப்பாளர் டிஜே ப்ரீமியர் அதை அழிக்காமல் விட்டுவிட்டார். அடுத்த நொடி சொற்கள் கொட்ட ஆரம்பிக்கின்றன, நிற்பதே இல்லை.

நான் அதிகம் கேட்டது 'ஒன் லவ்'. சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள்தான் பாட்டு. உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, உன் அம்மாவைப் பார்த்தேன் என்று தெருச் செய்திகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். கடைசிப் பகுதியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் பேசுகிறார். அந்தப் பையன் துப்பாக்கியைப் பற்றிப் பெரிய மனிதன்போலப் பேசுகிறான். கேட்டுக்கொண்டு, புத்தி சொல்லிவிட்டுப் போகிறவருக்கே இருபது வயதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆல்பத்தில் பெண்களைப் பற்றி வரும் சில சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. ஒரு பாட்டின் தலைப்பிலேயே அப்படி ஒரு சொல் இருக்கிறது. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. என் மகளோடு கேட்கும்போது நிறுத்தி, அதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மேலே போவேன்.

சரி, ஃபோக். ஆங்கிலேயப் பாடகர் நிக் ட்ரேக்கின் 'பிங்க் மூன்', 1972. இவருடைய முதல் இரண்டு ஆல்பங்களில் வயலின் குழு, ஊதுகருவிகள் எல்லாம் உண்டு. இரண்டும் சரியாக விற்கவில்லை. மூன்றாவதை 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவில் பதிந்தார். அறையில் அவரும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும். குரல், கிடார், தலைப்புப் பாட்டில் மட்டும் சில நொடி பியானோ. 11 பாட்டு, 28 நிமிடம்.

1974-ல், 26 வயதில் அவர் இறந்துபோனார். அதனால் இந்த ஆல்பத்தை மரணத்தின் முன்னறிவிப்பாகவே கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கிடாரைக் கேளுங்கள். கட்டைவிரல் ஒரு தாளம் தவறாமல் நடக்கிறது, மற்ற விரல்கள் வேறொரு கதை சொல்கின்றன. தளர்ந்துபோன கை இப்படி வாசிக்காது. கடைசிப் பாட்டு விடியலைப் பற்றியது. அதன் வரி ஒன்றைத்தான் அவருடைய கல்லறைக் கல்லின் பின்புறம் பொறித்திருக்கிறார்கள். 1999-ல் ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் பெரும் கூட்டம் அவரைத் தேடி வந்தது.

இந்த 28 நிமிடத்தையும் இப்போது இங்கேயே கேட்கலாம் என்று தட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், சத்தம் மெல்லியதாகத்தான் இருக்கும். முதல் பக்கம் முடிந்ததும் நானே திருப்பிப் போடுகிறேன்.