பூனைக்கு விளையாட்டு

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, அழைப்பிதழ் அனுப்பியதோடு அமையாமல் இருமுறை நேரில் வந்து அழைத்த தமிழ்த்துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விடுதிக் காப்பாளர் அம்மையார் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

தன்பாலீர்ப்புள்ள மாணவர்கள் சீண்டப்படுவதைச் சக மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது, பெற்றோரின் கடமை யாது என்னும் மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது' என்பார் என் பாட்டி. முதற்செய்தி முழுவதும் அதற்குள் அடங்கும்.

நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், நடையும் கைவீச்சும் மென்மையான ஒரு மாணவன் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தாலே, நீள்மேசை முழுவதும் கரண்டியால் தட்டில் தாளம் போடும். ஒருநாள் சாம்பார் வாளியோடு வந்தவரும் அந்தத் தாளத்துக்கு ஒயிலாக நடந்து காட்ட, கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அவன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மறுநாள் முதல் எல்லாரும் எழுந்து போன பிறகே வந்தான். சில நாளில் அதுவும் நின்றது. ரொட்டியும் வாழைப்பழமுமாக அறைக்குள்ளேயே அந்தப் பருவத்தைக் கழித்தான். தாளம் போட்ட ஒருவருக்கும் அவன்மேல் பகை கிடையாது. தேர்வு வந்தால் அவனுடைய குறிப்பேட்டைத்தான் வாங்கிப் படித்தோம். அவன் தன்பாலீர்ப்பாளன்தானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. நானும் கரண்டி பிடித்தவன். பூனைக்கு விளையாட்டு!

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஈராண்டு முன்பே, 2016இல், பல்கலைக்கழக மானியக் குழு தன் ராகிங் தடுப்பு விதிகளைத் திருத்தி, பாலீர்ப்பைக் காரணமாக வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும், கூட்டத்திலிருந்து ஒதுக்குவதும் ராகிங்கே என்று எழுதிவிட்டது என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? நான் பேசச் சென்ற விடுதிகளில் 'ராகிங் குற்றம்' என்ற பலகை உண்டு. இந்த வரி இருந்ததில்லை. எது குற்றமென்று எழுதாத பலகையைப் பார்த்து, கேலி செய்பவன் அது தன்னைச் சொல்வதாக எப்படி எண்ணுவான்? கேலிக்கு ஆளானவன் எதைக் காட்டிப் புகார் கொடுப்பான்?

பெற்றோரைப் பற்றிப் பேசப் பொழுதில்லை, பொறுத்தருள்க. அந்த வரியைத் தமிழாக்கி, தொலைவிலிருந்தும் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அதன் கீழ் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணும் இருக்கிறது. காப்பாளர் அம்மையார் இம்மேடையிலேயே இதனைப் பெற்றுக்கொண்டு, இன்றிரவு உணவுக்கு மணி அடிப்பதற்குள் உணவுக்கூட வாசலில் ஒட்டித் தரவேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன்.